எமரால்டில் ஜனவரி ராத்திரி, கேஸில் ஓடும் ஜெனரேட்டரை நம்பலாமா?

நீங்கள் கேட்டிருப்பது பார்வைக்கு மூன்று கேள்விகள். நீலகிரியில் எமரால்டு பக்கம் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடும் தோட்டம், அதன் ஓரத்தில் மூன்று அறை கொண்ட தங்கும் விடுதி. கையில் ஒரு 3 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர், அப்பா காலத்து மண்ணெண்ணெய்ப் பம்புசெட், 5 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். அமெரிக்கக்காரர் ஒருவர் தன் ஜெனரேட்டரை அரை மணி நேரத்தில் புரோப்பேனுக்கு மாற்றுகிற வீடியோவைப் பார்த்திருக்கிறீர்கள். அந்த ரெகுலேட்டர் இங்கே ஒத்துவருமா, எந்த ஜெட் (எரிபொருள் வரும் சின்னத் துளை) போட வேண்டும், மூன்று எஞ்சினையும் மாற்றிவிடலாமா என்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: ஜனவரியில் விருந்தாளிகள் தங்கியிருக்கும்போது ராத்திரி கரண்ட் போனால் இதை நம்பி இருக்கலாமா? எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. கேஸில் எஞ்சினை ஓட வைப்பது பெரிய வித்தை இல்லை. எமரால்டு குளிரில் விடியும் வரை ஓட வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி, என் பேச்சை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் ரூமில் இருபத்திரண்டு வருடம். அதற்கப்புறம் குன்னூரில் சின்னப் பட்டறை; பம்புசெட்டும் ஜெனரேட்டரும்தான் பிழைப்பு. கேஸுக்கு மாற்றிக் கொடுத்தவை நாற்பதுக்குள் இருக்கும், எல்லாமே 8 கே.வி.ஏ.க்கு உட்பட்ட சின்ன எஞ்சின்கள். ஓட்டல்களில் வைக்கும் பெரிய கேஸ் ஜென்செட்டில் நான் கைவைத்ததில்லை. அதற்கு அந்தக் கம்பெனி ஆட்களைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் எரிபொருள். வீடியோவில் அவர் ஊற்றுவது கிட்டத்தட்ட சுத்தமான புரோப்பேன். நமக்கு ஏஜென்சியிலிருந்து வருவது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி.ஜி., அதிலும் பியூட்டேன் பங்கு கணிசமானது. அடுப்பில் இரண்டும் ஒன்றுபோலத்தான் எரியும். குளிரில்தான் வித்தியாசம் தெரியும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். கனடாவில் பனிக்கு நடுவே ஜெனரேட்டர் ஓட்டுகிறார்கள் என்றால் அதனால்தான். பியூட்டேன் கொதிப்பது ஏறக்குறைய மைனஸ் அரை டிகிரியில். அதாவது உறைபனி விழுகிற காலையில் சிலிண்டருக்குள் பியூட்டேன் வெறும் திரவமாகச் சும்மா கிடக்கும், தண்ணீர் போல. நம் மலைக்கு ஒரு சின்னச் சலுகை உண்டு. உதகை உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது அல்லவா? அதே காரணத்தால் பியூட்டேனும் இங்கே மைனஸ் 7 டிகிரி வாக்கில் கொதிக்கும். ஆனால் கொதித்தால் மட்டும் போதாது. ரெகுலேட்டரைத் தள்ளித் திறக்கிற அளவுக்கு அழுத்தமும் வேண்டும்.

சிலிண்டரைப் பலரும் ஒரு டேங்க் என்று நினைக்கிறார்கள். அதை ஒரு பாய்லர் என்று நினைத்துப் பாருங்கள், பாதிச் சிக்கல் விளங்கிவிடும். உள்ளே இருப்பது திரவம். நாம் எடுப்பது மேலே நிற்கும் ஆவி. எடுக்க எடுக்கத் திரவம் கொதித்துப் புது ஆவி தர வேண்டும், கொதிக்கச் சூடு வேண்டும். அந்தச் சூடு சுற்றியுள்ள காற்றிலிருந்து இரும்புச் சுவர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். மணிக்கு ஒரு கிலோ கேஸ் ஆவியாக ஏறக்குறைய 100 வாட் சூடு இடைவிடாமல் தேவை, ஒரு பழைய குண்டு பல்பு தருகிற அளவு. உங்கள் 3 கே.வி.ஏ. முழு லோடில் அந்த ஒரு கிலோவைத்தான் குடிக்கும். கோயம்புத்தூரில் வெயிலில் நிற்கும் சிலிண்டர் இதைச் சிரமமில்லாமல் தந்துவிடும். இங்கே ராத்திரி 5 டிகிரியில், காற்றசைவே இல்லாமல், வெளியிலிருந்து சூடு ஏறவில்லை என்றால் சிலிண்டர் தன் சொந்தச் சூட்டைத் தின்ன ஆரம்பிக்கும். கணக்குப் போட்டால், நிறைந்த 19 கிலோ சிலிண்டர் மணிக்கு 6, 7 டிகிரி இறங்கும். பாதி காலியானது என்றால் 11, 12 டிகிரி. கொஞ்சம் சூடு வெளியிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கும், ஆகவே இவ்வளவு மோசமாகப் போகாது. ஆனால் போகிற திசை இதுதான். இன்னொரு தொந்தரவு: கலவையில் புரோப்பேன் முந்திக்கொண்டு ஆவியாகிப் போய்விடும். சிலிண்டர் தீரத் தீர உள்ளே மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். ஆக குளிரும் ஏறுகிறது, அதே நேரம் எரிபொருளும் சோம்பேறியாகிறது.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். பட்டறை போட்ட புதிதில் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை சமயத்தில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டிக்கு (படகர் கிராமம்) ஜெனரேட்டர் ஒன்றைக் கேஸுக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். சாயங்காலம் ஆறரைக்கு ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. சீரியல் பல்பு, மைக் செட், சமையல் கொட்டகைக்கு லைட், எல்லாம் ஜம்மென்று எரிந்தன. ஒன்பது மணிக்கு எஞ்சின் ஏறி இறங்கி மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒன்பதரைக்கு நின்றுவிட்டது. டார்ச் வெளிச்சத்தில், கேஸையும் காற்றையும் கலக்கும் மிக்சரைக் கழற்றினேன், பிளக்கை மாற்றினேன், உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டதோ என்று ரெகுலேட்டரையே பிரித்துப் பார்த்தேன். ஒன்றிலும் குறையில்லை. சுற்றி நின்ற பெரியவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்குக் குளிரிலும் வியர்த்தது. கொட்டகையில் சமையலுக்கு நின்ற ஓர் அம்மாதான், "தம்பி, சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தாயா?" என்றார். இடுப்புக்குக் கீழே வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. அடுப்பில் சிலிண்டர் சோம்பினால் அவர்கள் செய்கிற வேலையையே செய்தார்: கை பொறுக்கிற சூட்டில் ஒரு அண்டா வெந்நீர் கொண்டுவந்து சிலிண்டர் அடியில் ஊற்றினார். ஐந்து நிமிஷத்தில் எஞ்சின் ஓடியது. முக்கால் மணி கழித்து மறுபடி நின்றது, மறுபடி வெந்நீர். அன்றைக்கு ராத்திரி முழுக்க என் வேலை வெந்நீர் சுமப்பதுதான். மிக்சரைப் பிரித்த நேரத்தில் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்திருக்கலாம்.

அந்த வெந்நீர் வைத்தியத்தை உங்களுக்குச் சிபாரிசு செய்யவில்லை. கொதிக்கிற தண்ணீர் ஊற்றுவதும், அடியில் கரி அடுப்பு வைப்பதும், மின்சாரக் கம்பளி சுற்றுவதும் ஆட்களைக் கொல்லும் வேலை. சரியான வழி எளியது, பணம்தான் கொஞ்சம் ஆகும். ஒரே சிலிண்டரிடம் ஒரு கிலோ கேட்காமல், மூன்று சிலிண்டரைப் பொதுக் குழாயில் இணைத்து ஆளுக்கு முந்நூற்றுச் சொச்சம் கிராம் கேளுங்கள். மூன்று மடங்கு இரும்புச் சுவர், மூன்று மடங்கு திரவம். ராத்திரி முழுக்கத் தாங்கும். இணைக்கும்போது மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு நிறைந்திருக்கட்டும். ஒன்று காலி, இரண்டு புதிது என்று கலந்து போட்டால் பழையதில் உள்ள பியூட்டேன் கடைசிவரை அப்படியே கிடக்கும். சிலிண்டர்கள் நிற்கும் இடம் காற்றோட்டமான, கூரை மட்டும் போட்ட மேடை. மழை படக் கூடாது, ஆனால் நான்கு பக்கமும் சுவர் எழுப்பி அடைக்கவும் கூடாது. எஞ்சின் விசிறி வெளியே தள்ளும் சூட்டுக் காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்பினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. சூடு வருகிற பாதையில் தீப்பொறியும் வரும், புகையும் வரும். வேண்டாம். சிலிண்டரைச் சாய்த்தோ கவிழ்த்தோ வைக்கிற குறுக்குவழியும் வேண்டாம். திரவம் நேரே ரெகுலேட்டருக்குள் இறங்கினால் அது திறந்த வாக்கில் உறைந்து நிற்கும். திரவமாக எடுத்து எஞ்சின் தண்ணீரின் சூட்டில் ஆவியாக்குவது ஆட்டோ, கார்களில் உள்ள முறை. காற்றால் குளிரும் உங்கள் ஜெனரேட்டரில் அந்தத் தண்ணீரே இல்லை.

எந்த சிலிண்டர் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கு மட்டும். 2000ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. விநியோக ஒழுங்குமுறை ஆணைப்படி அதை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது குற்றம். எல்லாரும் செய்கிறார்களே என்பீர்கள். தங்கும் விடுதி நடத்துகிறவர் சோதனைக்கு வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுகிற ஆள். நீல நிற 19 கிலோ வணிக சிலிண்டரை உங்கள் பெயரில் எடுங்கள். இருப்பு மொத்தம் 100 கிலோவுக்குள் இருக்கும்வரை சேமிப்பு உரிமம் தேவைப்படாது. ஐந்து சிலிண்டர் என்றால் 95 கிலோ, கணக்குச் சரியாக அடங்குகிறது. சமையலறைக்கு வாங்கி வைத்திருப்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுக் குழாயை ஏஜென்சி மூலமாகவே போடச் சொல்லுங்கள்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். மூன்றில் பெட்ரோல் ஜெனரேட்டர் மாற்றுவதற்கு மிகச் சுலபம். கார்புரேட்டருக்கும் ஏர் ஃபில்டருக்கும் நடுவே ஒரு மிக்சர் தட்டு, அதற்கு முன்னால் டிமாண்ட் ரெகுலேட்டர், அதற்கும் முன்னால் சிலிண்டர் அழுத்தத்தை 30 மில்லிபார் அளவுக்கு இறக்கும் ரெகுலேட்டர். அவ்வளவுதான். இதில் உயிர்நாடி நடுவில் உள்ள டிமாண்ட் ரெகுலேட்டர். எஞ்சின் உறிஞ்சினால் மட்டும் அது திறக்கும். எஞ்சின் நின்ற கணமே மூடிக்கொள்ளும். நம் பக்கத்தில் சில பட்டறைகளில் டீக்கடை அடுப்புக்குப் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டரையே நேரே இன்டேக்கில் சொருகி, ஒரு குழாய்த் திருகை வைத்துக் கையால் அளந்து ஓட்டிக் காட்டுகிறார்கள். ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ராத்திரி லோடு கூடி எஞ்சின் தானாக நின்றால் கேஸ் நிற்காது. யாரும் பார்க்காத நேரத்தில் அது பாட்டுக்கு அறையை நிரப்பிக்கொண்டிருக்கும். யாராவது அப்படிச் செய்து தருகிறேன் என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டுக் கிட் இங்கே ஒத்துவருமா என்று கேட்டீர்கள்: டிமாண்ட் ரெகுலேட்டரும் மிக்சரும் ஒத்துவரும், அதன் சிலிண்டர் பக்கத்து மூட்டு நம் வால்வில் உட்காராது. அந்தப் பகுதிக்கு நம் ஊர் ரெகுலேட்டரைத்தான் போட வேண்டும்.

ஜெட் அளவு கேட்டீர்கள். கேஸில் ஜெட் என்பதைவிட லோடு திருகு என்பதே சரி. டிமாண்ட் ரெகுலேட்டருக்கும் மிக்சருக்கும் நடுவில் இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் திருகிக் கேஸைக் கூட்டலாம், குறைக்கலாம். வீடியோவில் சொல்கிற சுற்றுக் கணக்கை மறந்துவிடுங்கள், அது புரோப்பேனுக்கு. ஒரு பங்கு புரோப்பேன் ஆவி எரிய 24 பங்கு காற்று போதும். பியூட்டேனுக்கு 31 பங்கு வேண்டும். அதே திறப்பில் நம் கேஸை விட்டால் கலவை தடித்துப்போகும், அதாவது காற்றுக்கு மிஞ்சிக் கேஸ் இருக்கும். சிலிண்டர் தீரத் தீர இன்னும் தடிக்கும். அதனால் புதுச் சிலிண்டரில் திருகை அமைக்காதீர்கள். பாதி தீர்ந்த சிலிண்டரை மாட்டி, ஜெனரேட்டரில் முக்கால் லோடு கொடுத்து, எஞ்சின் சூடானபின் மெதுவாக உள்ளே திருகிக்கொண்டே போங்கள். வேகம் தளர ஆரம்பிக்கிற இடத்திலிருந்து ஒரு நூல் வெளியே எடுத்து நிறுத்துங்கள். லோடு இல்லாமல் அமைத்தால் ஹீட்டரைப் போட்டதும் திணறும்.

மலையைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. கீழே கோயம்புத்தூரில் அமைத்த பெட்ரோல் கார்புரேட்டர் உதகைக்கு வந்தால் புகை கக்கும், பிளக் கறுக்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். காற்று மெலிந்துவிட்டது, ஜெட்டிலிருந்து வரும் பெட்ரோல் அதே கனம். கலவை பத்தில் ஒரு பங்குக்கு மேல் தடித்துப்போகிறது. கேஸில் அந்தத் தொல்லை இல்லை. டிமாண்ட் ரெகுலேட்டரைத் தாண்டி வருகிற கேஸ் வெளிக்காற்றின் அழுத்தத்திலேயே இருக்கிறது. காற்று மெலிந்தால் அதுவும் கூடவே மெலிகிறது, விகிதம் மாறுவதில்லை. மேட்டுப்பாளையத்தில் அமைத்ததை அப்படியே தொட்டபெட்டாவுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். சக்தி குறைவதை மட்டும் எந்த எரிபொருளாலும் தடுக்க முடியாது. 300 மீட்டர் ஏறினால் 3, 3.5 சதவீதம் போகும். உங்கள் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டது. கேஸ், தான் நுழையும் இடத்தில் காற்றைத் தள்ளிவிடுவதால் இன்னும் 5 முதல் 10 சதவீதம் பறிக்கும். ஆனால் தடித்த பெட்ரோல் கலவையில் திணறிக்கொண்டிருந்த எஞ்சின் கேஸில் சுத்தமாக எரிவதால், நம் ஊரில் அந்தக் கடைசி இழப்பு கைக்குத் தெரிவதில்லை. 3 கே.வி.ஏ. என்று எழுதியிருக்கும் இயந்திரத்தில் 2 கிலோவாட்டுக்கு மேல் மாட்டாதீர்கள். வாட்டர் ஹீட்டரை இந்த லைனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பிளக் இடைவெளி 0.7 மில்லிமீட்டர் இருந்தால் 0.6 ஆக்குங்கள், கேஸ் கலவையைப் பற்றவைக்கக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும், பழைய இக்னிஷன் காயில் அதில் தோற்கும். ஸ்டார்ட் செய்யும்போது சோக்கை இழுத்துப் பிடிக்கும் பழக்கத்தை விடுங்கள். டிமாண்ட் ரெகுலேட்டரின் நடுப் பட்டனை ஒரு நொடி அமுக்கினால் போதும். அதிகம் அமுக்கினால் இன்டேக்கில் கேஸ் தேங்கிப் பட்டென்று வெடித்து ஏர் ஃபில்டரைப் பிய்த்துவிடும். பெட்ரோல் போலக் கேஸ் எஞ்சினின் உள்சுவரில் உள்ள ஆயிலைக் கழுவுவதில்லை, ஆகையால் ஆயில் நெடுநாள் தேன் நிறத்திலேயே இருக்கும். அந்த நிறத்தைப் பார்த்து ஏமாந்து ஆயில் மாற்றும் மணிக்கணக்கை நீட்டிவிடாதீர்கள்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மெக்கானிக்குகளுக்குள்ளேயே தீராத சண்டை இரண்டு விஷயத்தில் உண்டு. ஒன்று வால்வு சீட், வால்வு வந்து உட்காரும் வளையம். கேஸ் உலர்ந்த எரிபொருள், எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைத் தின்றுவிடும் என்று ஒரு கட்சி. சின்ன எஞ்சினில் அதெல்லாம் கதை என்று இன்னொரு கட்சி. என் கையில் வந்தவற்றில் நாளெல்லாம் முழு லோடில் ஓடியவை சிலவற்றில் டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள சந்து) சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன். எப்போதாவது கரண்ட் போனால் ஓடியவற்றில் பார்த்ததில்லை. அதற்குக் கேஸ்தான் காரணமா, லோடா, அந்த எஞ்சினின் மட்டமான சீட்டா என்று பிரித்துச் சொல்ல நாற்பது எஞ்சின் போதாது. நூறு மணிக்கு ஒருமுறை இடைவெளியை அளந்துவிடுங்கள், சண்டை யாருக்கு வேண்டும். மற்றது டைமிங், பொறி விடும் நேரம். கேஸுக்குக் கொஞ்சம் முன்னதாகப் பொறி விட்டால் இழுவை கூடும் என்பது பெரிய எஞ்சினில் பலர் செய்து பார்த்தது. உங்களுடையதில் பொறி நேரம் பிளைவீலில் சாவி என்கிற சின்ன உலோகத் துண்டோடு பூட்டியிருக்கிறது. சாவியை அராவி நகர்த்திக் கிடைக்கும் லாபம், கையை முறிக்கிற உதைக்கு ஈடாகாது.

பம்புசெட்டுக்கு வருகிறேன். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்குத் திருப்பும் அந்தப் பழைய எஞ்சின்தான் மூன்றிலும் கேஸுக்கு நன்றாகப் பொருந்துவது. ரேஷன் மண்ணெண்ணெய் அருகிப்போன பிறகு இந்த மலையில் எத்தனை பம்புசெட் கோழிக்கூண்டுக்கு அண்டக் கொடுத்துக் கிடக்கிறது தெரியுமா? மண்ணெண்ணெய் எஞ்சினில் கம்ப்ரஷன் குறைவு, அதனால் நம் கேஸில் பியூட்டேன் எவ்வளவு இருந்தாலும் நாக் அடிக்காது (கலவை தானே வெடித்து எஞ்சின் தட்டாது). முழுசாக எரியாத மண்ணெண்ணெய் ஆயிலில் கலந்து அதைத் தண்ணீராக்குவதுதான் இந்த எஞ்சின்களின் பரம்பரை வியாதி; கேஸுக்கு மாறிய அன்றே அது ஒழிந்தது. மண்ணெண்ணெயை ஆவியாக்க இன்டேக்கைச் சைலன்சர் சூட்டில் காய வைக்கும் ஏற்பாடு இருந்தால் அதைக் கழற்றுங்கள் அல்லது நடுவே தடித்த கேஸ்கெட் போட்டுப் பிரியுங்கள். கேஸுக்கு அந்தச் சூடு தேவையில்லை, சூடான காற்று சக்தியைத்தான் குறைக்கும். தோட்டத்துக்குப் பகலில்தான் தண்ணீர் விடுகிறீர்கள், வெயில் இருக்கும், ஒரு சிலிண்டரே போதும். ஓடையிலிருந்து பம்புசெட் நிற்கும் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று நீங்கள் எழுதவில்லை. அது இதையெல்லாம்விட முக்கியம், கீழே சொல்கிறேன்.

டீசல் எஞ்சினைத் தொடாதீர்கள். அதில் பொறியே கிடையாது, 16, 17 மடங்கு அழுத்திய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. கேஸ் அந்தச் சூட்டில் ஒழுங்காகப் பற்றாது. இன்ஜெக்டர் இருந்த இடத்தில் பிளக், புதிதாக மேக்னெட்டோ, திராட்டில், பிஸ்டன் தலையைக் கடைந்து கம்ப்ரஷனைக் குறைப்பது என்று போனால் புது பெட்ரோல் எஞ்சின் விலை வந்துவிடும். டீசலோடு கொஞ்சம் கேஸையும் காற்றில் கலந்து விடுவது இன்னொரு முறை, மிச்சமாகும் என்று ஆசை காட்டுவார்கள். அளவாக விட்டால் ஓடும். ஆனால் எஞ்சின் வேகத்தைப் பிடித்து வைக்கும் கவர்னர் கட்டுப்படுத்துவது டீசலை மட்டும்தான். பெல்ட் அறுந்தோ பம்பில் தண்ணீர் இறங்கியோ லோடு திடீரென்று போனால் கவர்னர் டீசலைக் குறைக்கும், கேஸ் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும், எஞ்சின் வெறிபிடித்து ஏறும். தொழிற்சாலையில் வேறு காரணத்தால் ஒரு டீசல் எஞ்சின் அப்படி ஏறியதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் ஐந்து குதிரை டீசலிலேயே இருக்கட்டும். கேஸ் தீர்ந்துபோகிற ராத்திரிக்கு வேறு எரிபொருளில் ஓடும் இயந்திரம் ஒன்று வீட்டில் இருப்பது நல்லதுதானே. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது உங்கள் பக்கம் எத்தனை நாள் கரண்டும் இல்லை, ரோடும் இல்லை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். குந்தா மின்திட்டத்துக்காகக் கட்டிய அணையின் கரையில் உட்கார்ந்துகொண்டு ஜெனரேட்டருக்கு வழி தேடுகிறோம், என்ன செய்ய.

செலவைப் பற்றி யாரும் சொல்லும் சதவீதத்தை நம்ப வேண்டாம், விலை மாதாமாதம் மாறுகிறது. நீங்களே போட்டுப் பாருங்கள். 19 கிலோ சிலிண்டர் விலையை 19ஆல் வகுத்தால் கிலோ விலை. ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 1.4 லிட்டர் பெட்ரோலின் சூடு இருக்கிறது. கிலோ விலையை 1.4ஆல் வகுத்து வருவதைப் பெட்ரோல் லிட்டர் விலையோடு ஒப்பிடுங்கள். டீசலோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் கேஸ் தோற்கும், டீசல் எஞ்சின் எரிபொருளைச் சிக்கனமாக எரிப்பதால்.

இனி அந்தப் பள்ளம். கேஸ் காற்றைவிடக் கனம். புரோப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் போலச் சரிவில் இறங்கும். சமவெளியில் இதைக் கண்ணால் உணர்வது கஷ்டம். நம் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே இன்னொரு வீடு, ஒவ்வொரு படிக்கட்டு வயலுக்கும் கீழே இன்னொரு வயல். உங்கள் ஜெனரேட்டர் ரோட்டு மட்டத்துக்குக் கீழே அறையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அறைக்குள் கேஸ் எஞ்சின் வைக்கவே கூடாது. காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். மூடுபனி இறங்கிய, காற்று அசையாத சாயங்காலத்தில் கசிந்த கேஸ் மணிக்கணக்கில் குழியிலேயே கிடக்கும். எஞ்சினை வெளியே மேட்டில் கூரை போட்டு வையுங்கள். சிலிண்டர் அதற்குச் சில மீட்டர் தள்ளி இருக்கட்டும். இரண்டுக்கும் கீழ்ச்சரிவில் அடுப்போ, ஆட்கள் படுக்கும் அறையோ, சாக்கடை மூடியோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பம்புசெட் ஓடைக் குழியில் நிற்கிறது என்றால் அதையும் மேட்டுக்கு ஏற்றுங்கள். பம்பின் உறிஞ்சும் உயரமும் மலையில் குறைவு. இரண்டு மீட்டர் போல விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், அதைக் கணக்கில் வைத்து இடம் பாருங்கள். ஏற்ற முடியாத குழி என்றால் பம்புசெட்டைப் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள்.

கேஸ் சுத்தமான எரிபொருள், புகையே இல்லை, ஆகவே வராந்தாவில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். புகை தெரியாது, கார்பன் மோனாக்சைடு இருக்கும். கலவை தடித்தால் நிறையவே இருக்கும். குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி எழாமல் போனவர்கள் செய்தி இந்த மலையில் அடிக்கடி வருகிறது. ஜெனரேட்டர் புகையும் அதே விஷம்தான். சைலன்சர் வாய் விருந்தாளிகளின் ஜன்னல் பக்கம் திரும்பக் கூடாது. வீட்டு லைனில் இணைக்கும்போது வெளி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம், இல்லையென்றால் கம்பத்தில் ஏறும் லைன்மேனை உங்கள் ஜெனரேட்டரே அடித்துவிடும்.

மாற்றும் வேலையைப் பெட்ரோல் ஜெனரேட்டரில் தொடங்குங்கள், அதுவும் இப்போதே. டிசம்பருக்குள் ஒரு குளிர்ந்த ராத்திரியைப் பார்த்து, விருந்தாளி யாரும் இல்லாதபோது, மூன்று சிலிண்டரும் பாதிக்குக் கீழே இருக்கையில் எட்டு மணி நேரம் முழு லோடில் ஓட்டிப் பாருங்கள். மணிக்கு ஒருமுறை சிலிண்டரைக் கையால் தொட்டுப் பாருங்கள். விடியும்வரை ஈரம் பூத்திருந்தால் பயமில்லை. வெள்ளையாகப் பனி பிடித்தால் நான்காவது சிலிண்டர் வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் போட்டுக் குமிழி பாருங்கள், மூக்கை நம்பாதீர்கள். குளிரில் மூக்கடைப்போடு இருக்கும் ஆளுக்குக் கேஸ் வாசனை தெரியாது. பழைய கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். மிக்சர் தட்டு அதற்கு முன்னால்தான் உட்காருகிறது, பெட்ரோல் குழாயைத் திறந்தால் பழையபடி ஓடும். கேஸில் ஓட்டும் காலத்தில் அதன் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை மட்டும் வடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஜெட்டில் பிசின் பிடிக்கும்.